எலெக்ட்ரிக் கிட்டார்: மாற்றியமைத்தலும் மூலநிலை காத்தலும்

எலெக்ட்ரிக் கிட்டாரை மாற்றியமைத்தல் என்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த கருவியின் மின்பாகங்கள், உலோகப் பாகங்கள், மரம் ஆகியவற்றை வாசிப்பவரின் கைக்கும் காதுக்கும் அவர் வாழும் ஊருக்கும் ஏற்பத் திருத்திக்கொள்வது. மூலநிலை காத்தல் என்பது, கடையில் வாங்கிய நாளில் இருந்த பாகங்களோடும் பூச்சோடும் கருவியை அப்படியே வைத்திருப்பது. இவ்விரண்டில் எது சரி என்ற வாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் பழைய கிட்டார்களின் விலையை ஒட்டி எழுந்தது. தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகர்களிலும் அதே வாதத்தை அதே அளவுகோலால் தீர்க்க முடியாது. இங்கே புழங்கும் கிட்டார்களில் மிகப் பெரும்பாலானவை சேகரிப்புப் பொருள்கள் அல்ல, தினமும் கையில் எடுக்கும் வேலைக் கருவிகள். இப்பகுதியின் ஈரக்காற்று, மின்சாரம், இசை மரபு மூன்றுமே மாற்றத்தைக் கேட்கின்றன. ஆகவே மாற்றுவதே இங்கு இயல்பு. மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்பதே அதற்கு வைக்க வேண்டிய எல்லை. இக்கட்டுரை அந்த முடிவுக்கான சான்றுகளையும் அதற்கு எதிரான வாதங்களையும் ஆராய்கிறது.

புறநகரில் கிட்டார்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் அவற்றை ஒட்டிய பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. இந்தப் பகுதிக்குக் கிட்டார் புதிய விருந்தாளி அல்ல. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் நடன இசை அதைக் கொண்டுவந்த ஒரு வழி. 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியும், அங்கு நடக்கும் ‘டீப் வுட்ஸ்’ கலைவிழா போன்ற மாணவர் மேடைகளும் இன்னொரு வழி. மூன்றாவதும் மிகப் பரவலானதும் தேவாலயங்களின் இளைஞர் பாடற்குழுக்கள். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நிற்கும் எலெக்ட்ரிக் கிட்டார் இந்தப் புறநகரின் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. இம்மூன்று இடங்களிலும் கிட்டார் வாங்கப்படுவது வாசிப்பதற்காக. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காக அல்ல.

கருவி வந்து சேரும் வழிகளும் இதையே காட்டுகின்றன. 1842இல் தோன்றி அண்ணா சாலையில் இன்றும் இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகள், இணைய அங்காடிகள், கைமாறும் பழைய கருவிகள் ஆகியவையே வழக்கமான வாயில்கள். பழைய மின்பொருள்களும் மரச்சாமான்களும் குவியும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பொருளைக் கழற்றி, தட்டிப் பார்த்து, பழுது நீக்கிப் பயன்படுத்தும் பழக்கம் இப்பகுதியில் எவ்வளவு ஊறியது என்பதற்குச் சாட்சி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கான கம்பி, வால்யூம் பாட், கெபாசிட்டர், ஜாக் முதலியவற்றுக்குச் சென்னையின் மின்பொருள் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போனால் போதும். 1991க்கு முன்பு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கிட்டார் கிடைப்பதே அரிது. கையில் இருந்ததைச் சரிசெய்து ஓட்டுவதே வழி. கொல்கத்தாவில் செய்த கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கருவிகளில் தொடங்கியவர் பலர். இன்று அதே இடத்தை இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்து வரும் ஸ்குவயர், யமஹா, ஐபனெஸ், கோர்ட் வகைகள் பிடித்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி உற்பத்தியாகும் இக்கருவிகளில் ஒன்றின் பிக்கப்பை மாற்றுவதால் வரலாறு எதுவும் அழிந்துவிடாது.

மாற்றங்களின் வகை

எல்லா மாற்றமும் ஒரே எடை உடையதல்ல. மூன்று படிகளாக அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் வாதம் தெளிவாகும். முதற்படி சீரமைப்பு, இசைக்கலைஞர்கள் ‘செட்டப்’ என்பது இதைத்தான். கழுத்தின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் எனும் எஃகுக் கம்பியை முறுக்கி வளைவைச் சரிசெய்வது, தந்தியின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது, பிரிட்ஜில் உள்ள சேணங்களை நகர்த்தி ஒவ்வொரு தந்தியும் மேல்ஸ்தாயியிலும் சுருதி பிசகாமல் நிற்கும்படி செய்வது, தந்தியின் பருமனையோ சுருதி அமைப்பையோ மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாம் படி பாக மாற்றம்: பிக்கப், பாட், சுவிட்ச், ட்யூனர், நட், பிரிட்ஜ் ஆகியவற்றைக் கழற்றி வேறு பொருத்துவது. பழைய பாகத்தை ஒரு பையில் போட்டு வைத்தால் திருப்புளியும் சால்டரிங் இரும்பும் கொண்டு எந்த நாளும் பழையபடி ஆக்கலாம். மூன்றாம் படி மரத்தில் கைவைப்பது. பெரிய பிக்கப்புக்காக உடலைக் குடைவது, ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜுக்காக மரத்தை வெட்டுவது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே விரற்பலகையைச் சுரண்டிக் குழிப்பது, பூச்சைச் சுரண்டி வேறு வண்ணம் அடிப்பது, தலைப்பகுதியின் பெயர் முத்திரையைத் தேய்த்து எடுப்பது ஆகியவை இப்படியைச் சேர்ந்தவை. வெட்டிய மரம் ஒட்டாது. எடுத்த பூச்சு திரும்பாது. மாற்றுவதை மொத்தமாக எதிர்ப்பவர்களும் மொத்தமாக ஆதரிப்பவர்களும் செய்யும் தவறு, இம்மூன்று படிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே.

தட்பவெப்பமும் மின்சாரமும்

மாற்றத்துக்கான முதல் காரணம் விருப்பம் அல்ல, ஊர். மரக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதமே ஏற்றது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். சென்னையின் கடற்கரைச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவைத் தாண்டியே இருக்கும்; ஆண்டு மழையில் பெரும்பங்கைக் கொட்டும் வடகிழக்குப் பருவக்காற்றின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இன்னும் கூடும். மரம் நீரை உறிஞ்சி உப்பும்போது கழுத்தின் வளைவு மாறுகிறது. தந்தி மேலெழுந்து விரலுக்குக் கனக்கிறது, அல்லது தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. ஏசி அறையில் பயிற்சியும் திறந்த மேடையில் கச்சேரியுமாக இருப்பவரின் கிட்டார் ஒரே நாளில் இருவேறு காலநிலைகளைச் சந்திக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று தந்தியையும் பிரிட்ஜ் திருகுகளையும் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கிறது. வியர்வையில் பளபளப்பான பாலியஸ்டர் பூச்சு உள்ளங்கையில் ஒட்டிக்கொள்வதால் கழுத்தின் பின்புறத்தை நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்து மங்கலாக்குவோரும் உண்டு. இந்த ஊரில் ‘தொடாமல் வைத்திருப்பது’ என்பது கருவியைக் காப்பதாகாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ட்ரஸ் ராட்டைக் கவனிக்காத கிட்டார், ஒரு பாகமும் மாறாமலேயே கெட்டுப்போகிறது.

வெள்ளம் இதன் கடைசி எல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. நீரில் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் முதலில் சாவது மின்பாகங்கள்: பாட்டின் கரித்தடத்தில் சேறு படிந்து கரகரக்கும், சுவிட்சின் தொடுமுனைகள் பச்சை பூக்கும், பிக்கப்பின் முடியளவு மெல்லிய செப்புக்கம்பி அரித்து அறுந்துபோகும். அந்நிலையில் ‘ஒரிஜினல்’ பாகத்தை வைத்துக்கொள் என்பது கருவியை ஊமையாக வைத்துக்கொள் என்பதற்குச் சமம். பாகம் மாற்றுவது அங்கே அழகுணர்ச்சிப் பிரச்சினையே அல்ல.

இரண்டாவது காரணம் மின்சாரம். காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுச் செப்புக்கம்பி கொண்ட ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு சேர்த்துச் சுற்றுப்புற மின்காந்த இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, பொதுவான இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் ஹம்பக்கர் பிக்கப்பை வடிவமைத்தார். நம் வீடுகளில் இரைச்சல் இரண்டு வகையாக வருகிறது. மின்மாற்றியிலிருந்தும் கம்பிகளிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று. ட்ரையாக் வகை ஃபேன் ரெகுலேட்டரும் மலிவான எல்.இ.டி. விளக்கும் எழுப்பும் கூர்மையான ‘ஜ்ர்ர்’ ஓசை மற்றொன்று. மின்விசிறி நிற்காமல் சுழலும் ஊரில் பின்னது ஓயாத துணை. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால், வாசிப்பவரின் உடலே கவசமாகிறது என்று பொருள். உட்குழியில் கவசம் போதவில்லை.

இதற்கான பரிகாரம் இப்பகுதியில் பலர் செய்யும் முதல் மாற்றம். தந்திகளைத் தளர்த்தி, முகப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, தகட்டைப் புரட்டி வைத்து, பிக்கப் குழியின் அடியிலும் சுவரிலும் ஒட்டும் செப்புத்தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறார்கள். ஒரு துண்டின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏற வேண்டும். இணைப்புகளில் ஒரு பொட்டு ஈயம் வைத்து எல்லாம் ஒரே உலோகப் பெட்டிபோல் ஆக்க வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரு கம்பியை வால்யூம் பாட்டின் முதுகில் உள்ள தரை இணைப்பில் சால்டர் செய்து, மீட்டரை வைத்துத் தொடர்ச்சி உண்டா என்று பார்த்துவிட்டுத் தகட்டை மூடுகிறார்கள். ரெகுலேட்டரின் ‘ஜ்ர்ர்’ பெரிதும் அடங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் முனகல் அடங்காது, ஏனென்றால் தாழ் அலைவெண் காந்தப்புலத்தை மெல்லிய செப்புத்தாள் தடுக்காது. அதற்கு ஹம்பக்கரோ, ஒற்றைச் சுருளின் அளவிலேயே வரும் இரைச்சலில்லாப் பிக்கப்போ வேண்டும். இவை எல்லாமே இரண்டாம் படிக்குள் முடிகின்றன. ஒரு துளி மரமும் வெட்டப்படுவதில்லை. ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும்: மைக்கில் உதடு பட்டால் ‘ஷாக்’ அடிக்கிறது என்பதற்காகக் கிட்டாரின் தரைக்கம்பியை அறுத்துவிடுவது மாற்றியமைத்தல் ஆகாது. குறை, எர்த் இல்லாத பிளக்கிலோ ஆம்ப்ளிஃபையரிலோ இருக்கிறது. அதை எலெக்ட்ரீஷியன்தான் சரிசெய்ய வேண்டும்.

கமகத்தின் கோரிக்கை

மூன்றாவது காரணம் இந்த மண்ணின் இசை. மேற்கத்திய ஃப்ரெட் கருவி ஒவ்வொரு சுரத்தையும் ஒரு படிக்கட்டில் நிறுத்துகிறது. கர்நாடக இசைக்கு அந்தப் படிகளுக்கு நடுவே வழுக்கவும் அசையவும் வேண்டும்; அதுவே கமகம். வீணை இதற்குக் கண்ட விடை உயரமான மெட்டுகள். தண்டியின் இரு ஓரங்களிலும் கரி சேர்த்த தேன்மெழுகை மேடாக அமைத்து, அதன் மேல் 24 மெட்டுகளையும் காதால் சுருதி பார்த்துப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்கிறார்கள். மெட்டுகளுக்கிடையே விரல் மரத்தில் படாமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க முடியும். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மறுபடி மேளம் கட்ட வேண்டும். வாசிப்பவரின் தேவைக்கேற்ப அமைப்பைச் சற்று மாற்றிக்கொள்வதும் உண்டு. நம் மரபின் மிக மதிப்புக்குரிய கருவிகளில் ஒன்று, காலாகாலத்தில் திருத்தப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மேளம் புதிதாகக் கட்டிய வீணையை யாரும் ‘மூலநிலை இழந்தது’ என்று குறை சொல்வதில்லை.

கிட்டாரும் அதே பாதையில் வந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின், ‘சக்தி’ குழுவுக்காக 1970களில் விரற்பலகை குழிக்கப்பட்டதும் குறுக்கே ஒத்ததிர்வுத் தந்திகள் கொண்டதுமான ஒரு கிட்டாரைச் செய்வித்தார். பிறகு குழித்த விரற்பலகையை எலெக்ட்ரிக் கிட்டாரிலும் பயன்படுத்தினார். வீணையின் உயர்ந்த மெட்டு செய்ததைக் கிட்டாரில் குழிவு செய்தது. சென்னையில் அறியப்பட்ட இன்னும் நெருங்கிய சான்று மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). எட்டுத் தந்திகளை நான்கு இணைகளாகக் கொண்ட மாண்டலினில் இணைத் தந்திகள் இரண்டையும் ஒரே அளவு இழுத்துக் கமகம் கொடுப்பது கடினம். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டு, கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்தார். 1981இல் சென்னையில் அரங்கேறிய சிறுவனின் கையில் இருந்தது அயல்நாட்டுக் கருவி என்ற ஆட்சேபம் எழுந்தது. பின்னாளில் அந்தக் கருவியே அவர் பெயருக்கு முன்னொட்டானது. கருவியின் மூலநிலையை அவர் காத்திருந்தால் கர்நாடக மேடையில் மாண்டலினுக்கு இடமே கிடைத்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1980களில் கர்நாடகக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த சுகுமார் பிரசாதும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து பெர்க்லியில் இசை பயின்ற ஆர். பிரசன்னாவும் இருக்கிறார்களே என்பதுதான் அது. வழக்கமான ஃப்ரெட் உள்ள கிட்டாரிலேயே, தந்தியை இழுப்பதாலும் விரலை வழுக்குவதாலும் பிரசன்னா முழுக் கச்சேரி நடத்துகிறார். அப்படியானால் குறை கருவியில் இல்லை, சாதகத்தில் இருக்கிறது என்று வாதிடலாம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சாதகம் செய்யாதவருக்குக் குழித்த விரற்பலகை உதவாது. மென்மையாக அழுத்தத் தெரியாத விரல் குழிக்குள் தந்தியை அழுத்திச் சுருதியையே ஏற்றிவிடும். ஆயினும் பிரசன்னாவின் சான்று மாற்றமே வேண்டாம் என்று நிறுவவில்லை. மரத்தை வெட்டாமல் முதலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையே நிறுவுகிறது. வயலின் வரலாறும் இதையே சொல்கிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) காலத்தில் நம் இசைக்குள் வந்த வயலினின் உடலில் ஒரு கோடும் மாறவில்லை. சுருதி ச-ப-ச-ப என மாறியது, நின்று வாசித்தது உட்கார்ந்து வாசிப்பதாகி, தலைப்பகுதி காலில் ஊன்றியது. மிகப் பெரிய மாற்றங்கள் சில, எளிதில் திரும்பப் பெறக்கூடியவையாகவே நடந்திருக்கின்றன.

மூலநிலையின் மதிப்பு

மூலநிலை காக்க வேண்டும் என்போரின் முதல் வாதம் விலை. சி.பி.எஸ். நிறுவனம் 1965இல் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களும், 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்களும் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மறுபூச்சு அடித்தால் விலையில் பாதியளவு போய்விடும் என்பது அச்சந்தையின் பழைய கணக்கு. இது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்தச் சந்தையின் உச்சியிலேயே எதிர்ச்சான்றும் இருக்கிறது. எரிக் கிளாப்டன் மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ‘பிளாக்கி’ 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. கழுத்தும் பிக்கப்பும் பலமுறை மாற்றப்பட்டு, உடலிலும் வெட்டுகள் பட்ட டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019இல் 39,75,000 டாலருக்கு விற்றது. அவை புகழ்பெற்றவர்களின் கருவிகள், நம் கிட்டாருக்கு அந்த விலை வராது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான், அதே தர்க்கப்படி நம் கிட்டாருக்கு 1959ஆம் ஆண்டு லெஸ் பாலின் விலையும் வராது. இந்தப் புறநகரில் விற்கும் ஒரு பயன்பட்ட ஸ்குவயருக்கு, நன்றாக அமைந்த செட்டப்பும் இரையாத மின்பாகங்களும்தான் விலையைத் தாங்கும். அபூர்வமான கருவிக்கான ஒழுக்கத்தைச் சாதாரணக் கருவியின் மேல் சுமத்துவதால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது வாதம் வரலாறு. பழைய கருவி ஒரு காலத்தின் ஆவணம். அதில் கைவைப்பது ஆவணத்தைத் திருத்துவது என்பது அது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த சமூகத்துக்கு இந்த வாதம் எளிதில் புரியும். ஆயினும் இசைக்கருவி வாசிக்கப்படுவதற்காக இருப்பது. 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் உலகின் மிக மதிப்புள்ள கருவிகளில் அடங்கும். விதிவிலக்கான சில தவிர, அவை அனைத்தின் கழுத்தும் பிற்காலப் பெரிய அரங்குகளின் தேவைக்காக மாற்றப்பட்டு, உள்ளே இருக்கும் பாஸ் பாரும் மாற்றப்பட்டுவிட்டது. மாற்றப்பட்டதால்தான் அவை இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. ஆனால் அதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: மாற்றியவர்கள் பழைய கழுத்துகளைப் பெரும்பாலும் எறிந்துவிட்டார்கள். ஸ்ட்ராடிவாரி அமைத்த கழுத்து எப்படி இருந்தது என்று அறிய இன்று மிகச் சில மாதிரிகளே மிஞ்சுகின்றன. மாற்றியது தவறல்ல, கழற்றியதை எறிந்ததே இழப்பு.

மூன்றாவது வாதம், தயாரிப்பாளருக்குத் தெரியாதது நமக்கென்ன தெரியும் என்பது. எலெக்ட்ரிக் கிட்டாரின் சொந்த வரலாறே இதற்கு விடை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கழுத்தை உடலோடு ஒட்டாமல் திருகாணியால் பொருத்தினார். கெட்டால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த வடிவமைப்பின் அடிப்படை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுவிட்சுக்கு மூன்று நிலைகளே இருந்தன. வாசிப்பவர்கள் அதை இரு நிலைகளுக்கு நடுவே தந்திரமாக நிறுத்தி, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்த புதிய ஓசையைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலை சுவிட்சைத் தானே கொடுத்தது. இன்று ‘ஒரிஜினல்’ என்று போற்றப்படும் ஐந்து நிலை சுவிட்ச், ஒரு காலத்தில் வாசிப்பவர்களின் அத்துமீறல். எடி வான் ஹேலன் ஃபெண்டர் வடிவ உடலில் கிப்சன் வகை ஹம்பக்கரைப் பொருத்திச் செய்த கிட்டாரின் வழி, பின்னர் பல நிறுவனங்களின் பட்டியலிலேயே இடம்பெற்றது. ரிச்சி பிளாக்மோரும் யிங்வீ மால்ம்ஸ்டீனும் பயன்படுத்திய குழித்த விரற்பலகையை, மால்ம்ஸ்டீன் பெயரிலேயே ஃபெண்டர் இப்போது விற்கிறது.

தயாரிப்பாளர் தம் மூல வடிவத்தைத் தாமே மாற்றுவதும் உண்டு. அதற்கான சான்று தென்னிந்தியக் காடுகளோடு தொடர்புடையது. கிட்டார் விரற்பலகைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மரங்களில் நம் ஈட்டி மரமும் ஒன்று. தோதகத்தி என்றும் சொல்வார்கள். அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதையும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த ஆண்டே ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளில் ஈட்டிக்குப் பதிலாக பாவ் ஃபெரோ மரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. தொழிற்சாலை அமைப்பு என்பது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மரம், சட்டம், செலவு, கருவிகள் ஆகியவற்றின் கூட்டு முடிவு. அதற்கு மரியாதை உண்டு, புனிதம் இல்லை.

பொதுக் கருவியும் தனிக் கருவியும்

தாம்பரம் பகுதியில் காணும் இன்னொரு சிக்கல், கிட்டார் பல இடங்களில் ஒருவரின் சொத்தாக இல்லாதது. பாடற்குழுவின் கிட்டாரை இந்த ஆண்டு வாசிப்பவர் அடுத்த ஆண்டு வேலை கிடைத்து வேறு ஊர் போகலாம். கல்லூரிக் குழுவின் கருவி ஒவ்வொரு தொகுதி மாணவர்களின் கைக்கும் மாறும். ஒருவரின் விருப்பத்துக்காகக் குழித்த விரற்பலகை அடுத்தவருக்குச் சுமை. இடக்கைப் பழக்கமுள்ளவர் தந்தியை மாற்றிக் கட்டும்போது நட்டையும் மாற்ற வேண்டும். பழைய நட்டைப் பத்திரப்படுத்தினால் அடுத்த வலக்கைக்காரருக்குச் சிரமமில்லை. பொதுக் கருவியில் முதற்படி மாற்றம் கடமை, இரண்டாம் படி மாற்றம் குழுவின் ஒப்புதலோடு, மூன்றாம் படி மாற்றம் கூடவே கூடாது என்பது நியாயமான விதி. தன் சொந்தக் கிட்டாரில் ஒருவர் மூன்றாம் படிக்கும் போகலாம். அப்போதும் திருகாணிக் கழுத்துள்ள கருவியில் தனியே ஒரு கழுத்து வாங்கி அதைக் குழித்துக்கொண்டு, பழைய கழுத்தை உலர்ந்த இடத்தில் வைத்திருப்பதே விவேகம். கமகம் கிடைக்கிறது, கருவியும் மிஞ்சுகிறது.

மாற்றும் மோகம் பயிற்சியைத் தின்றுவிடும் என்ற குற்றச்சாட்டையும் சொல்லியாக வேண்டும். புதுப் பிக்கப்பைத் தேடித் திரியும் நேரத்தில் ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசித்துவிடலாம் என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம் மாற்றத்தை விலக்குவது அல்ல. வரிசையை ஒழுங்காக வைப்பது. புதுத் தந்தி, செட்டப், கவசம் என்ற வரிசையில் போனால், பிக்கப் மாற்ற வேண்டும் என்று தோன்றிய குறைகளில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். தீராத குறைதான் உண்மையான குறை. அதற்குச் செலவு செய்வது வீண் அல்ல.

மதிப்பீடு

இந்தப் புறநகரின் ஈரத்துக்கும் மின்சாரத்துக்கும் இசைக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் மாறித்தான் ஆக வேண்டும். மூலநிலை காத்தல் அபூர்வமான கருவிகளுக்கு உரிய நெறி. அந்த வகைக் கருவி ஒன்று கையில் வந்து சேர்ந்தால், வாசித்துப் பழகிய ஒரு கைவினைஞரிடம் காட்டும்வரை ஒரு திருகைக்கூடத் தளர்த்தாமல் இருப்பதே சரி. மற்ற கருவிகளுக்கு விதி ஒன்றே: திரும்பப் பெறக்கூடிய மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம், திரும்பப் பெற முடியாத மாற்றத்தைக் கடைசியாகச் செய்ய வேண்டும். கழற்றிய பிக்கப், சுவிட்ச், நட், திருகாணி அனைத்தையும் ஒரு பையில் போட்டு, எந்தத் தேதியில் என்ன மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பையோடு வைப்பது, அடுத்து அந்தக் கிட்டாரை வாங்குபவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் செய்யும் உதவி. கிட்டார் வைத்திருப்போர் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால், மாற்றுவதா காப்பதா என்ற வாதத்தில் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது.